பேபி ஆஃப் வினோதினி

வரவில்லை. பால் எடுக்கிற மெஷின் என்னவோ தன் கடமையில் ஒரு குறையும் வைக்காமல் கிர்க் கிர்க் என்று இழுத்துக்கொண்டுதான் இருந்தது. பாட்டிலின் அடி மட்டும் காய்ந்து கிடந்தது. நேற்று வந்ததே என்று வினோதினி நினைத்தாள். நேற்று அடியை மறைக்கிற அளவுக்காவது வந்தது, முந்தாநாள் அதைவிடக் கூட, போன வாரம் கால் பாட்டில், அதற்கும் முன்னால் இரண்டு பக்கமும் நிரம்பி வேறு பாட்டில் மாற்ற வேண்டியிருந்தது, அப்படிப் பொங்கிய மார்புதானே இது, இன்றைக்கு என்ன கேடு வந்தது இதற்கு. பூதான். இந்தப் பூதான். ஆடி வெள்ளி என்று ஆபீஸே சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது. காலையில் இவள் நாற்காலியை இழுத்து உட்காரக்கூட இல்லை, பக்கத்து சீட் ஹேமலதா பின்னால் வந்து நின்று, ‘பச்சப் புள்ளக்காரி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுந்தலையோட வரலாமா?’ என்று கையோடு கொண்டுவந்த மல்லிகைச் சரத்தைத் தலையில் வைத்துக் குத்திவிட்டாள். வினோதினியின் கை தலைக்குப் போய்ப் பாதியில் நின்றது. ஆசையாக வைத்துவிட்டவள் எதிரில் பிடுங்கிப் போடவும் முடியாது. காலை முழுக்க அதைச் சுமந்துகொண்டு, தலையைத் திருப்பாமல், மூச்சை மேலோட்டமாக விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். இந்த அறைக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்ட கையோடு பிடுங்கிப் பையின் அடியில் திணித்து ஜிப்பை இழுத்து மூடினாள். மூடினால் ஆயிற்றா, வாசனை அதுபாட்டுக்கு அறைக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. முகர்ந்தாலே வற்றுமா, கட்டினால்தானே வற்றும், முகர்ந்தால் ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெஷினின் வேகத்தை ஒரு புள்ளி கூட்டினாள். வலித்தது. வலித்ததே தவிர வரவில்லை.

அம்மாதான் கட்டினாள், கோவில்பட்டி வீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கிய மறுநாள். குழந்தை போய்விட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும், இந்த மார்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது வேளை தவறாமல் ஊறிக் கனத்து நைட்டியை நனைத்துக்கொண்டு நின்றது. வற்றுவதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்திருந்து பின்கட்டில் போய்த் துப்பிவிட்டு வந்தாள். அம்மா கண்டுபிடித்தாளோ என்னவோ, பூக்காரியிடம் சொல்லி வைத்து நெருக்கமாகக் கட்டிய சரம் சரமாக வாங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டு, மார்பைச் சுற்றி வைத்துப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். ‘வத்தணும்லா ஏட்டி. பால் கட்டிக்கிட்டா நெறி கட்டிக் காய்ச்சல்ல விழுந்துருவ. அதுதான் போயிட்டு, எனக்கு நீயாச்சும் வேணும்லா,’ என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். அம்மாவின் மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை ஒழியவில்லை. கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் தலை கொள்ளாமல் வைத்த அதே பூ. அம்மா அடுப்படிப் பக்கம் போனதும் வினோதினி முடிச்சை அவிழ்த்தாள். உடம்புச் சூட்டில் பூவெல்லாம் வெந்து பழுப்பேறியிருந்தது. அம்மா கட்டுவதும் இவள் அவிழ்ப்பதுமாக அந்த வீட்டில் எத்தனையோ நாள் போயிற்று, இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசி என்ன சொல்வது? பால் இருக்கிற வரைக்கும் நான் ஒரு குழந்தைக்கு அம்மா, வற்றிப்போனால் ஆளாளுக்கு வந்து ‘சின்ன வயசுதானே, இன்னொண்ணு பெத்துக்கலாம்’ என்று தேற்றுகிற வெறும் வினோதினி, அதனால் அவிழ்க்கிறேன் அம்மா என்றா? அவளுக்கு இருந்தது பால் ஒன்றுதான். அந்தக் குழந்தை இந்த உலகத்துக்கு வந்து போனதற்கு அவள் உடம்பில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அதைக் காப்பாற்றத்தான் இந்த அறை. அறையென்றால் சும்மா இல்லை, பெரிய இடத்து அறை. இவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய பேட்டரிகளும் கால் உடைந்த நாற்காலிகளும் அடைந்து கிடந்த ஸ்டோர் ரூம்தான் இது. பிறகு கட்டடத்துக்கு ஏதோ சான்றிதழ் வேண்டியிருந்ததாம். ஜிம் இருக்கிறதா, சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறதா, தியானம் செய்ய இடம் இருக்கிறதா, பால் கொடுக்கிறவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் வாடகைக்கு வருவானாம். உடனே பேட்டரிகள் போய் சோபா வந்தது, மங்கலான விளக்கு வந்தது, லாவெண்டர் வாசனையைப் புகையாக ஊதுகிற ஒரு குடுவை வந்தது, தங்க முடிக் குழந்தையைப் பார்த்துத் தங்க முடி அம்மா சிரிக்கிற படம் வந்தது, குட்டி ஃபிரிட்ஜ் வந்தது, மூலையில் ஒரு செடி வந்தது. கை கழுவ ஒரு குழாய் வைக்க மட்டும் மறந்து போனார்கள். பாட்டில் கழுவ வராந்தாவின் கடைசி வரை நடக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டியவர் ஒரு நரைத்த மீசைக்காரர். சுற்றிலும் நின்று கைதட்டியவர்களிலும் முக்கால்வாசி ஆம்பிளைகள். பார்க்க வருகிறவர்களுக்கு அட்மின் கண்ணபிரான் இதைத் திறந்து காட்டுவார். உள்ளே யாராவது இருந்துவிட்டால் அவருக்கு முகம் வாடிவிடும், காலியாக இருந்தால்தானே காட்ட முடியும். அவர் போட்ட ஒரே கட்டளை, ஃபிரிட்ஜில் வைக்கிற பாட்டிலில் பெயர் ஒட்ட வேண்டும். வினோதினி முதல் நாள் ஸ்டிக்கரை எடுத்துத் தன் பெயரை எழுதப் போனவள், கை தானாக வேறு மாதிரி எழுதியதைப் பார்த்தாள். பேபி ஆஃப் வினோதினி. ஆஸ்பத்திரியில் அந்தக் குட்டி மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதுதான் அவளுக்குக் கிடைத்த பெயர். பெயர் சூட்டும் நாள் வருவதற்குள் போய்விட்டவளுக்கு வேறு பெயர் ஏது?

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் கிளம்பி வரவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில். சென்னையில் இருக்கிறவர்களுக்கு வந்தது ஒரு சேதிதான், பெண் குழந்தை, சுகப்பிரசவம். அவள் புருஷன் அருள் அன்றைக்கே ஆபீசுக்கு ஸ்வீட் பெட்டிகள் அனுப்பச் சொல்லிவிட்டான். மைசூர்பாகு தின்று எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள், யாரோ தொட்டில் படம் போட்டார்கள். நல்ல சேதிக்கு ஸ்வீட் உண்டு. மற்ற சேதிக்கு என்ன கொடுத்து அனுப்புவது? அருள் நான் சொல்கிறேன் என்றான், சொல்லவில்லை, அவனுக்கு வாய் வரவில்லை, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பான். வினோதினி நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். லீவு பாதி மிச்சம் இருக்கும்போதே கிளம்பி வந்தாள். லிஃப்டை விட்டு இறங்கியதும் ஒரு பெருங்கூச்சல், பலூன், மேஜை மேல் ரோஸ் கலர் காகிதத்தில் சுற்றிய ஒரு சின்ன கவுன். ‘பாப்பா எப்படி இருக்கா? யார்கிட்ட விட்டுட்டு வந்த?’ என்று ஹேமலதா கேட்டாள். அந்த நேரத்தில் என்ன ஆயிற்று என்று இப்போதும் வினோதினிக்குப் புரியவில்லை. இந்த ஒரு தளத்தில், இந்த விளக்குகளுக்குக் கீழே, இத்தனை பேர் முகத்திலும் அந்தக் குழந்தை உயிரோடு இருந்தது. ஊரில் செத்துப்போனது இங்கே உயிரோடு இருந்தது. அதை எப்படிக் கொல்வது? ‘அம்மாகிட்ட இருக்கா,’ என்றாள். ‘நல்லா இருக்கா.’ அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. போனில் இருக்கிற கர்ப்ப கால ஆப் ஒன்று, அதற்கும் யாரும் சொல்லவில்லை போல, வாரா வாரம் தவறாமல் சேதி அனுப்பும், உங்கள் குழந்தை இப்போது முகம் பார்த்துச் சிரிக்கும், உங்கள் குழந்தைக்கு இப்போது கழுத்து நிற்கும். அதைப் படித்து இவள் ஹேமலதாவிடம் சொல்வாள், கழுத்து நின்னுடுச்சு, ஆளைத் தேடறா. சொல்லும்போது அவளுக்கே நெஞ்சுக்குள் ஒரு பெருமை பொங்கும், அந்தப் பெருமைதான் பயமாக இருக்கும். போட்டோ கேட்டால் திருஷ்டி படும் என்று அம்மா காட்டவிட மாட்டேன் என்கிறாள் என்பாள். பெயர் கேட்டால் எங்க வீட்டில் ஒரு பேர், மாமியார் வீட்டில் ஒரு பேர், இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். மதியம் இந்த அறைக்கு வருவாள். பாட்டில் நிறையும். நிறைந்த பாட்டிலைப் பார்த்தால் பொய் பொய்யாகவே தோன்றாது.

ஆனால் பாட்டிலை என்ன செய்வது? ‘வெளிய எடுத்த பாலக் கண்ட இடத்துல கொட்டப்பிடாது, கால்மிதி படப்பிடாது, எறும்பு வாய்க்குப் போகவே பிடாது, வத்திப்போவும். செடித் தூர்ல ஊத்தணும்,’ என்று அம்மா சொன்னது குழந்தை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நாளில், பால் வற்றக் கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்த நாளில். வற்றாமலிருக்க ஒரு பேச்சு, வற்ற வைக்க ஒரு பேச்சு, இரண்டையும் ஒரே வாயால் அம்மா சொல்ல வேண்டியதாகப் போயிற்று. அதனால் வீட்டுக்குக் கொண்டுபோகிற பாட்டிலை அருளுக்குத் தெரியாமல் பால்கனி துளசிக்கு ஊற்றுவாள். முதல் நாள் மட்டும், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வரை போகப் பொறுக்காமல், இதோ இந்த மூலைச் செடியின் அடியில் ஊற்றிவிட்டாள். பளபளவென்று எவ்வளவு பச்சை, பாலைக் குடித்து நன்றாக வளரட்டும் என்று இலையைத் தடவிக்கூடக் கொடுத்தாள். மறுநாள் வந்து பார்த்தால் தொட்டியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு, ஊர்ந்துகொண்டிருந்தது. எறும்பு. குனிந்து மண்ணைத் தொட்டால் மண் இல்லை, ஒட்டவைத்த கூழாங்கல். இலையைக் கிள்ளினால் பிளாஸ்டிக். பெற்ற வயிறு, செடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாத கண். ஊற்றிய அத்தனையும் எறும்பு வாய்க்குப் போயிற்று. அன்றைக்கு முட்டி போட்டு உட்கார்ந்து சேலைத் தலைப்பால் எறும்புகளைத் துடைத்துத் துடைத்து எடுத்தாள், ஒவ்வொன்றின் வாயிலும் அவள் குழந்தையின் பங்கு இருப்பதுபோல் தோன்றியது. படித்தவள்தான், எறும்புக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் குறைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதானே? இல்லை, குடிக்க வாய் இல்லாததால் குறைகிறது. இல்லை, எறும்பு. இல்லை, பூ. மனசு செக்கில் கட்டின மாடு மாதிரி இதையே சுற்றிச் சுற்றி வந்தது. பாட்டிலின் அடியைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். காய்ந்துதான் கிடந்தது.

சரி, வீடியோ. கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தாள். தினமும் அதுதான் கைகொடுக்கும். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது இவளைக் கீழ்த்தளத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துப் பால் எடுத்து வரச் சொன்னார்கள். வரவில்லை. பெட்டியைப் பார்த்த பயத்தில் எல்லாம் உறைந்து போயிருந்தது. அங்கிருந்த சிஸ்டர் ஒருத்தி, நல்ல மனுஷி, அருளிடம், ‘பாப்பா அழறப்ப போன்ல புடிச்சிட்டுப் போய் அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க சார், தானா வரும்,’ என்றாள். அப்படி எடுத்ததுதான். மூக்கிலும் வாயிலும் குழாய், நெஞ்சுக்கூடு கோழிக்குஞ்சுக்கு ஏறி இறங்குவதுபோல் ஏறி இறங்க, ஒரு சின்ன அழுகை. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, கம்மிய குரலில் ஒரு கேவல், நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு கேவல். அதைக் கேட்டதும் வினோதினிக்கு இரண்டு பக்கமும் சுரீரென்று ஊசி குத்துவதுபோல் குத்தி, வந்தது பார், கிண்ணம் நிறைய. அதைக் குழாய் வழியாக விட்டார்கள். வாய் வைத்துக் குழந்தை ஒருநாளும் குடிக்கவில்லை. கடைசி நாளும் இவள் பெஞ்சில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அருள் வந்து மேலே வா என்று கூப்பிட்டான். அன்றைக்கென்று நன்றாக வந்துகொண்டிருந்தது, இருங்க, முடிச்சிட்டு வர்றேன் என்றாள். நிறைந்த கிண்ணத்தைத் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. அங்கே போய் அவள் நினைவு எப்போதும் தட்டி நின்றுவிடும். அதற்கு மேல் போகாது. கிண்ணம் தளும்பவில்லை, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது போனை மடியில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, வீடியோவைத் தொட்டாள். கேவல். மூச்சு. கேவல். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள், அந்த ஊசி குத்தலுக்காக. கண் நிறைந்தது, மார்பு சும்மா இருந்தது. மறுபடி போட்டாள். என் கண்ணு அழுதே, அம்மாவுக்கு வரலையே, மன்னிச்சுக்கோடி என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். சும்மா இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த சேதி கடைசியில் மார்புக்கும் தெரிந்துவிட்டது. இதைத்தான் அவள் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள். மெதுவாக, கூச்சத்தோடு. வெளியே சிவப்புப் பட்டையை நகர்த்திவிட்டுத்தான் வந்திருந்தாள், ஆள் இருக்கிறது என்று தெரியாதா? மறுபடி தட்டல். ‘அக்கா, சாரிக்கா. இன்னும் நேரமாகுமா? கொஞ்சம் அவசரம்.’ சின்னப் பெண்ணின் குரல். இன்றைக்குத்தான் பிரசவ லீவு முடிந்து மேல்தளத்துக்கு ஒரு பெண் திரும்பி வந்திருக்கிறாள், ஷமீமா என்று பெயர், இனி ரூமுக்கு உனக்கு ஜோடி கிடைச்சாச்சு என்று ஹேமலதா காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. ஜோடி. உடம்பு குறுகியது. உயிருள்ள குழந்தைக்காரி ஒருத்தி வெளியே நிற்கிறாள், இவள் வெறும் பாட்டிலை வைத்துக்கொண்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திறந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், தாய்க்காரிக்குத் தாய்க்காரியைத் தெரியாதா? பாட்டிலைப் பார்ப்பாள். ஒரு சொட்டும் இல்லாமல் இவ்வளவு நேரம் உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பாள். ஹேமலதாவிடம் சொல்வாள். அப்புறம் இந்தத் தளத்திலும் குழந்தை சாகும், இந்தத் தடவை மைசூர்பாகு தின்ற வாய்கள் எல்லாம் வரிசையாக வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். திறக்காதே. இன்னும் ஒரே ஒரு தடவை வீடியோவைப் போட்டுப் பார், இப்போது வந்துவிடும். ‘அக்கா, முடியலக்கா,’ என்றது வெளியே. அழுகைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது அந்தக் குரல். பால் கட்டினால் எப்படி வலிக்கும் என்று வினோதினிக்குத் தெரியும். நெறி கட்டும், தொட்டால் உயிர் போகும், அதற்குப் பூவும் வேட்டித் துணியும் என்று அம்மா எவ்வளவு அல்லாடினாள். கை தானாக மெஷினை நிறுத்தியது. ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிக்கொண்டு, வெறும் பாட்டிலைப் பைக்குள் மல்லிகையின் பக்கத்தில் ஒளித்துவிட்டுப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

அந்தப் பெண் துப்பட்டாவை மார்பின் மேல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. ‘சாரிக்கா, சாரி. நீங்க வினோதினி அக்காதானே? ஹேமா மேடம் சொன்னாங்க,’ என்று உள்ளே வந்தவள், வினோதினி பையைத் தூக்குவதைப் பார்த்ததும், ‘போகாதீங்கக்கா,’ என்றாள். ‘மெஷினு வாங்கிட்டேனே ஒழிய இத எப்படி மாட்டறதுன்னே தெரியல. ஆரம்பிச்சு மட்டும் குடுத்துட்டுப் போங்க.’ பிரித்த பெட்டியை நீட்டினாள். வினோதினிக்குப் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் குழாயை எந்தப் பக்கம் செருக வேண்டும், மூடியை எவ்வளவு திருக வேண்டும் என்று விரல்கள் பாட்டுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டன. இதில் அவள் கெட்டிக்காரி. இவ்வளவு கெட்டிக்காரியாக இருந்து என்ன பிரயோஜனம். ஷமீமா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, துப்பட்டாவுக்குள் வைத்துப் பொருத்திக்கொண்டாள். மெஷின் கிர்க் கிர்க் என்றது. ஒன்றும் வரவில்லை. இரண்டு பெண்களும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘கல்லு மாதிரி இருக்குக்கா, ஆனா வரமாட்டேங்குது. காலைல இருந்து துணி எல்லாம் நனைஞ்சு ஒரே அசிங்கம், இப்ப பார்த்து மெஷின்ல வரல,’ என்றாள் ஷமீமா. கண்ணில் நீர் கட்டிவிட்டது. ‘என் பையன் ரய்யான் மூஞ்சியப் பார்த்தாதான் எனக்கு வரும். போனு மேல லாக்கர்ல இருக்கு. எங்க ஃப்ளோர்ல போன் எடுத்துட்டு வரவிட மாட்டாங்கல்ல. போய் எடுத்துட்டு வரலாம்னா இந்த நிலைமையில எப்படி நடக்கறது?’ பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள் மாதிரி, திரும்பிப் பார்த்தாள். ‘அக்கா, உங்க பாப்பா அழற வீடியோ ஏதாவது வச்சிருக்கீங்களா? எந்தப் புள்ள அழுதாலும் எனக்கு ஊறிரும். பஸ்ஸுல யாரோ ஒருத்தர் புள்ள அழுது, சட்டையெல்லாம் நனைஞ்சு, பெரிய கூத்தாயிடுச்சு.’

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அருளைத் தவிர யாரும் கேட்டதில்லை அந்த அழுகையை. அம்மாவுக்குக்கூடப் போட்டுக் காட்டியதில்லை. அது இவளுடையது, இவள் உடம்புக்கு மட்டும் என்று அழுத அழுகை, அதை எடுத்து இன்னொருத்தி மடியில் எப்படி வைப்பது? ஆனால் இந்த உடம்பு இன்றைக்கு அதற்குப் பதில் சொல்லவில்லையே. குழந்தை அழுதுகொண்டே இருந்தது, இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், கொடுக்க ஒன்றும் இல்லை. இன்னும் எத்தனை நாள் பையின் ஜிப்புக்குள் அழுதுகொண்டிருக்கும் அது? குழாய் எல்லாம் தெரியாதபடி போனைக் குப்புற மடியில் வைத்து, சத்தத்தை மட்டும் கூட்டி, விரலால் தடவித் தொட்டாள். கேவல். மூச்சு வாங்கல். கேவல். அறை முழுக்க அந்தச் சின்னக் குரல் நிறைந்தது, லாவெண்டர் புகைக்கும் தங்க முடிக்காரிக்கும் பிளாஸ்டிக் செடிக்கும் நடுவில். ஷமீமா கண்ணை மூடினாள். ‘அல்லா, எவ்ளோ சின்னக் குரல்,’ என்றாள். உடனே தோளைச் சுருக்கிக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்றாள். வினோதினிக்கு அந்த ‘ஸ்ஸ்’ தெரியும். பாட்டிலின் சுவரில் ஒரு கோடு இறங்கியது, பிறகு இன்னொன்று, பிறகு பீய்ச்சிக்கொண்டு அடித்தது. மஞ்சள் கலந்த வெள்ளை, நுரைத்து, அடியை மூடி, ஏறியது. வினோதினி வாயை இறுக மூடிக்கொண்டு பார்த்தாள். அவள் மகள் அழுதாள், ஒரு தாய்க்குப் பால் சுரந்துவிட்டது.

‘பாருங்கக்கா, உங்க பாப்பா வேலைதான்,’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் ஷமீமா. ‘ரய்யானோட பங்கை வாங்கிக் குடுத்துட்டா. பேரு என்னக்கா?’

எங்க வீட்டில் ஒரு பேர், மாமியார் வீட்டில் ஒரு பேர். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ‘வைக்கல,’ என்றாள்.

‘இன்னுமா வைக்கல?’

‘பேர் வைக்கிற நாள் வரைக்கும் அவ உயிரோட இல்ல, ஷமீமா. இதெல்லாம் ஆஸ்பத்திரியில எடுத்தது.’

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் கட்டிக்காத்தது இவ்வளவு சின்ன வாக்கியமாகத்தான் இருந்தது. ஷமீமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல மெல்ல வேறொன்றாக ஆயிற்று. பார்வை வினோதினியின் முகத்திலிருந்து அவள் பைக்கு, அவள் ரவிக்கைக்கு, ஃபிரிட்ஜுக்குப் போய்த் திரும்பியது. எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. மடியில் போன் அடங்கிவிட்டிருந்தது. பால் மட்டும் அடங்கவில்லை. அதற்கு யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து ஷமீமாவுக்கு வெட்கமும் குற்ற உணர்வும் தாங்கவில்லை போல, மெஷினை நிறுத்தப் பொத்தானைத் தேடினாள். வினோதினி எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் போனைத் திருப்பி, படம் மேலே தெரிய இருவருக்கும் நடுவில் சோபாவில் வைத்து, மறுபடி தொட்டாள். குழாய்களுக்கு நடுவே நெஞ்சு ஏறி இறங்கியது. கேவல் எழுந்தது.

‘நிறுத்தாதீங்க,’ என்றாள். ‘பசிக்கு அழறா. குடிக்கட்டும்.’

ஷமீமா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டிலில் பால் ஏறிக்கொண்டிருந்தது.